நல்ல தண்ணீர்க் கொசு

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் கீழே எட்டிப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கீழே பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன கால்வாய். இன்று ரயில் தூண்களுக்கு நடுவே நகர இடமில்லாமல் கறுப்பாக நிற்கிறது. "மலேரியா, டெங்கு எல்லாம் இதாலதான் வருது" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கால்வாயின் மேல் சுமத்தக் குற்றங்கள் ஏராளம் உண்டு. ஆனால் இந்த இரண்டும் அதன் கணக்கில் வராது.

கால்வாயிலும் கூவத்திலும், முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அடையாற்றிலும் கோடிக்கணக்கில் பிறப்பது க்யூலெக்ஸ் கொசு. இரவில் காதோரம் பாடி நம் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். மேற்கு மாம்பலம் என்றாலே கொசுதான் என்று சிரிக்கும்படி அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதுதான். இது மலேரியாவைப் பரப்பாது. இது சுமப்பது யானைக்கால் நோயின் புழு. அந்தப் புழுவிடம் ஒரு விசித்திரம் உண்டு. அதன் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கை கால் ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கும் நேரம் புழுவுக்குத் தெரிந்திருக்கிறது. யானைக்கால் நோய் ஊழியர்கள் நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான். பகலில் எடுத்தால் புழு அகப்படாது.

டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் கொண்டுவரும் ஏடிஸுக்குக் கால்வாய் பிடிக்காது. பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சொட்டும் தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் என்று கையளவு தண்ணீர் அதற்குப் போதும். பகலில் கடிக்கும். ஈரம் காய்ந்த பிறகும் அதன் முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழை பெய்து பாத்திரம் நிறைந்ததும் பொரியும். சென்னையில் டெங்கு தீபாவளியை ஒட்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது கொசுவைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அது குடியிருப்பது நம் தலைக்கு மேலே.

எங்கள் குடியிருப்புக்கு ஒருநாள் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தார். கையில் டார்ச், ஒரு கரண்டி, மருந்து பாட்டில், கூடவே சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. கண்ணாடி எதற்கு என்று மொட்டை மாடியில்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடி ஓரத்தில் உடைந்திருந்தது. அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அவர் செங்கல்லை எடுத்து வைத்தார். கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத் தொட்டிக்குள் அடித்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் படிந்திருந்த மணல்கூடத் தெரிந்தது. "ஓரத்துல பாருங்க சார்." சுவரை ஒட்டி, கிழிந்த நூல் துண்டுகள் போல ஏழெட்டுப் புழுக்கள் தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருந்தன. நிழல் பட்டதும் துள்ளி உள்ளே இறங்கின. "தலைகீழா தொங்கினா சாதாக் கொசு. இப்படிப் படுத்துக்கிட்டிருந்தா மலேரியாக் கொசு."

பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் விஷயத்தை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். க்யூலெக்ஸ் புழுவுக்கு வால் பக்கத்தில் நீளமான மூச்சுக்குழல் உண்டு. அதைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது. முதுகை நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தால்தான் மூச்சுவிட முடியும். வளர்ந்த பிறகும் அதைக் கண்டுபிடிக்கலாம். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கி, முள் குத்தினாற்போல் சாய்ந்து உட்காரும்.

இந்தியாவில் அனாபிலஸ் இனங்கள் ஐம்பதுக்கும் மேல். பெரும்பாலானவை வயல், ஓடை, காட்டுச் சுனை என்று நகரத்துக்கு வெளியே வாழ்பவை. அனாபிலஸ் ஸ்டீபன்சி மட்டும் நகரத்துக்குக் குடிவந்து, கிணற்றையும் தொட்டியையும் தனதாக்கிக்கொண்டது. தேசிய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவினர் இந்தக் கொசுவின் பின்னால் வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான சென்னை ஆய்வுக் கட்டுரை ஒன்றின் தலைப்பே, மேல்நிலைத் தொட்டிதான் இதன் பிறப்பிடம் என்று அடித்துச் சொல்கிறது.

தொட்டியில் அப்படி என்ன சுகம்? தியாகராய நகரின் கதையில் பதில் இருக்கிறது. 1920களில் அந்த நகரை அமைத்தபோது, அங்கே கிடந்த மாம்பலம் நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. என் கணக்குப்படி ஏரி முழுவதும் போய்விடவில்லை. அதை ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டி, மாடிக்கு ஒரு துண்டாக ஏற்றி வைத்திருக்கிறோம். ஏரியில் மீன் இருந்தது, தவளை இருந்தது, தட்டான்பூச்சியின் குஞ்சு இருந்தது. கொசுப்புழு தலை தூக்கினால் ஒரே வாய். மாடித் தொட்டியில் தின்ன ஆளில்லை. நிழலும் தெளிந்த தண்ணீரும் வருஷம் முழுக்கக் கிடைக்கின்றன. கொசுவுக்கு நாமே நகராட்சி நடத்துகிறோம்! மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கிணற்றில் மீனும் ஆமையும் விட்டு வைத்திருந்த பாட்டிமார்களுக்கு லார்வா என்ற சொல் தெரியாது. ஆனால் கிணற்றில் எதை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

நாம் சேமித்து வைப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இந்த ஊரில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் என்று நம்பி யாரும் குடித்தனம் நடத்தியதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காக வாசலில் டிரம் வரிசை கட்டி நின்றதை மறந்திருக்க மாட்டோம். சம்ப் ஒன்று, மாடியில் தொட்டி ஒன்று, குளியலறையில் டிரம் ஒன்று, அவசரத்துக்கு நாலு குடம். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் கொசு குறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பஞ்சத்துக்குப் பயந்து நாம் நிரப்பி வைக்கும் ஒவ்வொரு பாத்திரமும் அதற்கு வீடு.

இன்னொரு வகைத் தொட்டி கட்டடம் எழும்பும் இடத்தில் உண்டு. தளம் போட்டதும் சிமெண்ட் இறுக வேண்டும் என்று மேலே சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அங்கேயே தகரக் கொட்டகையில் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தூங்குவார்கள். மலேரியா மிகுந்த மாவட்டத்திலிருந்து வந்தவர் ஒருவரின் ரத்தத்தில் கிருமி இருக்கலாம். உடனே 'வெளியூர்க்காரன் கொண்டுவந்த நோய்' என்று பேச்சு கிளம்பும். கிருமி ரயிலேறி வந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கொசு உள்ளூர்தானே? அது இல்லாவிட்டால் அந்தக் கிருமி அவர் உடம்பைத் தாண்டியிருக்காது.

கிருமி கொசுவின் வயிற்றுக்குள் போனதும் வேலை தொடங்கிவிடாது. அங்கே வளர்ந்து பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்துசேரச் சென்னை வெப்பத்தில் பத்து நாள் சுமாருக்கு ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதே இல்லை. பல்லி பிடிக்கும், விசிறி அடிக்கும், நம் கை அடிக்கும். ஆகவே ஆபத்தானது கிழட்டுக் கொசுதான், அதிலும் பெண். முட்டைக்குச் சத்து தேடி அதுதான் ரத்தம் குடிக்கிறது. அந்தக் கிழவியும் ஊர் சுற்றுவதில்லை. சாதாரணமாகப் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. எனவே மலேரியாவின் வரைபடத்தை மாவட்டம் மாவட்டமாக வண்ணம் தீட்டினால் ஒன்றும் புரியாது. தெருத்தெருவாக, மாடிமாடியாக வரைய வேண்டும். பெசன்ட் நகர் போன்ற இடத்தில் பங்களாவும் மீனவர் குப்பமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கொசு பிறப்பது மாடி வீட்டுத் தொட்டியில் இருக்கலாம். ஜன்னலுக்கு வலையடித்த அந்த வீட்டுக்காரர் தப்பித்துவிடுவார். கடி வாங்குவது கேட்டருகே நாற்காலியில் கண்ணயரும் வாட்ச்மேன்.

ஆனால் இந்த வரைபடத்தையும் ஏமாற்றும் தந்திரம் கிருமியிடம் உண்டு. சென்னையில் அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு ஏறி இறங்கும் காய்ச்சல். முறைக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. கடித்த கொசு உள்ளே விட்ட கிருமிகளில் சில கல்லீரலுக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிடும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து விழிக்கும். அடையாற்றில் கடிபட்டவருக்குக் கோயம்புத்தூரில் காய்ச்சல் அடிக்கும். காய்ச்சல் வந்த இடத்தைப் பதிவேட்டில் எழுதினால் கொசு இருக்கும் இடம் அதில் இருக்காது. ப்ரைமாகுயின் மாத்திரையைப் பதினாலு நாளும் விழுங்கச் சொல்வது இந்தத் தூங்குமூஞ்சிகளுக்காக. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துபவர்கள் அவற்றை மறுபடி எழுப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

தொட்டியைப் பற்றிய சந்தேகம் புதிதல்ல. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதினாலு வருஷம் முன்பு பெங்களூரில், தன் பங்களா ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்து அதைக் கவிழ்த்திருக்கிறார்; கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்ப்போம் என்றதற்கு அங்கிருந்த அதிகாரி ஒருவர், இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாது என்று மறுத்துவிட்டாராம். 1911-இல் பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி என்ற மருத்துவர் வீட்டுக் கிணறுகளைக் கைகாட்டினார். கிணற்றை மூடுவது மதத்துக்கு விரோதம் என்று பார்சிகள் எதிர்த்தார்கள். அங்கே கிணறு, இங்கே தொட்டி. மூடச் சொன்னால் முகம் சுளிப்பது மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் நகர மலேரியாவுக்கென்று தனித் திட்டம் வந்தது 1971-இல். தமிழ்நாட்டின் மலேரியாக் கணக்கில் பல ஆண்டுகள் பெரும்பங்கு சென்னையுடையதாகவே இருந்தது. இப்போது மாநிலம் முழுவதற்குமே வருஷத்துக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கண்ணாடியும் கரண்டியுமாக மாடிப்படி ஏறியவர்களின் வேலை அதில் நிறைய உண்டு.

நம்மிடம் மலேரியா இறங்கியபோது கொசு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுக்கள் பொதுவாக மழைக்குட்டைகளில் பிறப்பவை. நகரங்கள் ஓரளவு தப்பித்துவந்தன. 2012-இல் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருஷம் அந்நாட்டில் பதிவான மலேரியா 27. 2020-இல் 73,000-க்கும் மேல். அடுத்து எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா. 2022-இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் திடீரென்று மலேரியா பரவியபோதும் ஆய்வாளர்களின் கை இந்தக் கொசுவையே காட்டியது.

நமக்கு அதைவிட நெருக்கமான இடம் மன்னார். இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. சில மாதங்களுக்குள் மன்னார் தீவின் கிணறுகளில் மட்டமாகப் படுத்திருந்த புழுக்கள் அகப்பட்டன, ஸ்டீபன்சியேதான். பிறகு யாழ்ப்பாணத்திலும். அங்கே அதிகாரிகள் கிணறு கிணறாகப் போய் மீன் விடுகிறார்கள்.

முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேலே ஆகும். எனவே வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடி சரியாக இருந்தாலும், நிரம்பி வழியும் குழாயின் வாயைப் பாருங்கள். கொசுவுக்கு அதுதான் கொல்லைப்புற வாசல். கொசுவலைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.