புயலின் கண்ணில் ஐந்தாவது ஆள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பிலாக்சி நகரிலுள்ள கீஸ்லர் விமானதளத்தில் 53ஆவது வானிலைக் கண்காணிப்பு ஸ்குவாட்ரன் இயங்குகிறது. விமானப்படையின் ரிசர்வ் பிரிவைச் சேர்ந்த இதன் வீரர்களில் பலர் மற்ற நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். மாதம் ஒரு வாரக்கடைசி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது ரிசர்வ் பணியின் அடிப்படைக் கணக்கு. புயலுக்குள் பறப்பவர்களுக்கு அது போதவே போதாது. ஜூன் முதல் நவம்பர் வரை, அட்லாண்டிக்கில் புயல் மூளும்போதெல்லாம் கிளம்பியாக வேண்டும். அவர்களுடைய வெளிவேலை பறிபோகாமல் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காக்கிறது.

இவர்கள் பறக்கும் டபிள்யூசி-130ஜே விமானத்தில் வழக்கமாக ஐந்து பேர். விமானிகள் இருவர், நேவிகேட்டர், வானிலை வல்லுநர் ஆகிய நால்வரும் அதிகாரிகள். ஐந்தாமவரான லோட்மாஸ்டர் சார்ஜென்ட் போன்ற படிநிலையில் இருப்பவர். சரக்கைச் சமநிலை கெடாமல் ஏற்றிக் கட்டுவது அவர் கற்ற தொழில். புயலுக்குள் அவர் கையாள்வதோ டிராப்சோண்ட் என்ற கருவி.

ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள உருளை அது. எடை அரைக் கிலோவைத் தொடாது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் லோட்மாஸ்டர் அதைக் குழாய் வழியே வெளியே விடுகிறார். சிறு பாராசூட்டுடன் அது கடலைத் தொட நான்கு நிமிடம் போல ஆகும். அதற்குள் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை எல்லாவற்றையும் இடைவிடாமல் அனுப்பிவிடும். அந்தத் தரவில் பிசகு உண்டா என்று அவர் பார்த்த பிறகே அது மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குப் போகிறது.

வியப்பூட்டுவது புயலின் மையமான கண்ணில் விடப்படும் சோண்ட். கண்ணின் நட்டநடுவில் காற்று ஓய்ந்திருக்கும். கருவி விழுந்த இடத்தில் காற்று வீசினால், அது நடுவிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். அதனால் 10 நாட் வேகத்துக்கு 1 மில்லிபார் வீதம் அழுத்த அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள். குறி தப்பியதையும் அந்தக் கருவியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இது ஆபத்தில்லாத வேலை அல்ல. 1974இல் பெஸ் என்ற புயலுக்குள் போன ஒரு டபிள்யூசி-130 ஆறு பேருடன் மறைந்தது.

மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா நடத்திய வழக்கமான புயல் பறப்புகள் 1987இல் நின்றன. வங்கக் கடலிலோ அப்படியொரு வழக்கமே இல்லை. அங்கே புயலின் மைய அழுத்தம் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தை வைத்தே மதிப்பிடப்படுகிறது. எத்தனையோ உயிர்களைக் காவுகொண்ட கடலுக்கு இந்தக் குறை அடுக்காது.