கலங்கள் ஏன் முதுமையடைகின்றன?

பலெர்மோவில் எம்மவர் பலருக்கு வயோதிபர்களைப் பராமரிப்பதே தொழில். முதுமையை அருகிருந்து பார்க்கும் எமக்கு, அது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எழுவது இயல்பே.

அது உடலின் கலங்களில் தொடங்குகிறது. மனிதக் கலங்கள் ஏறக்குறைய ஐம்பது தடவை பிரிந்தபின் ஓய்ந்துவிடுவதை, 1961 இல் அமெரிக்க விஞ்ஞானி லெனாட் ஹேஃபிளிக் காட்டினார். ஓரம் மடித்துப் பின்னாத பனையோலைப் பாய் விரைவில் பிரிந்துவிடும் அல்லவா? நிறமூர்த்தங்களின் நுனிகளிலும் அத்தகைய காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். கலம் பிரியுந்தோறும் அது குறுகும். மிகவும் குறுகியதும் கலம் பிரிவதை நிறுத்தும். முதுமைக்கு இதுவொன்றே காரணமல்ல, ஆனால் முக்கியமானது.

டெலோமியரை நீட்டும் நொதியம் டெலோமரேஸ். இவற்றை ஆராய்ந்த எலிசபெத் பிளக்பேர்ன், கரோல் கிரைடர், ஜக் சோஸ்டாக் ஆகியோர் 2009 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பெருகுவதும் இதே நொதியத்தால்தான். ஆகவே 'இளமை தரும்' மாத்திரைகளுக்கு உழைத்த காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

சிக்கானி மலைக்கிராமங்களில் நூறு வயது கடந்த சிலரின் உணவை பலெர்மோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து, 2012 இல் வெளியிட்டனர். மரக்கறி, பழம், ஒலிவ் எண்ணெய் தாராளம், இறைச்சியும் இனிப்பும் குறைவு, உடலுழைப்பும் உண்டு. கீரையும் பயறும் எமக்குப் புதிதா? சாந்தா ரொசாலியாவைத் தரிசிக்கப் பெல்லெகிரினோ மலையேறும் எமக்கு நடைதான் புதிதா? பழையதை மறவாதிருப்போம்.