அயனி இழக்கும் ஆற்றலும் ‘திறன்’ என்னும் சொல்லும்

திண்மப் பொருளினுள் புகும் அயனி ‘மெதுவானது’ எனப்படுமிடத்து, அச்சொல்லுக்கு அன்றாட வழக்கின் பொருளைக் கொள்ளுதல் இயலாது. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானுக்கு நீல்ஸ் போர் கணித்த வேகமே, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 2,190 கிலோமீட்டரே, இங்கு அளவுகோல். நொடிக்கு 1,000 கிலோமீட்டர் விரையும் புரோட்டானும் இவ்வளவையால் மெதுவானதே.

இத்தகைய அயனி திண்மத்தின் எலக்ட்ரான்களைக் கவர்ந்தும் இழந்தும் செல்கிறது. இம்மின்சுமைப் பரிமாற்றத்தில் வேகம் குறையுந்தோறும் கவர்தல் மேலோங்கும். சராசரி மின்சுமை தாழும். நடுநிலை எய்திய பின்னரும் இயற்பியலார் அதனை அயனியென்றே வழங்குவதுண்டு. மொழிபெயர்ப்பாளர் அதனை ‘அணு’ எனத் திருத்தினால், புகுந்த துகளும் திண்மத்தின் அணுவும் வேறுபாடின்றி மயங்கும்.

பெருஞ்சிக்கல் ‘நிறுத்துதிறன்’ என்பதில் உள்ளது. ஓரலகுத் தொலைவைக் கடக்கையில் துகள் இழக்கும் ஆற்றலையே இது குறிக்கும். பாடநூல் தமிழில் திறனாவது ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலை. தொலைவால் வகுத்த ஆற்றலோ விசை. ஆங்கில மூலத்திலேயே உள்ள குறை இது. இயற்பியலார் பீட்டர் சிக்மண்ட் அதனைச் சுட்டி, விசையைக் குறிக்கும் சொல்லையே ஆள வேண்டுமென வாதிட்டார். மெதுவான அயனியைப் பொறுத்தவரை இத்திருத்தம் இன்றியமையாதது. எலக்ட்ரான்களால் நேரும் இழப்பு வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் வாய்பாட்டை லிண்ட்ஹார்டும் ஷார்ஃபும் 1961இல் தந்தனர். பாகான நீர்மத்தில் மெல்ல நகரும் பொருளின்மீது செயற்படும் தடைவிசையும் அவ்வாறானதே. ‘நிறுத்துவிசை’ என்றால் இவ்வொப்புமை சொல்லிலேயே விளங்கும்.

வேகம் மிகக் குறைந்தபின் அணுக்களோடு மோதி இழப்பதே பெரும்பங்காகும். அதனை ‘அணுக்கருத் தடுப்பு’ எனப் பெயர்ப்போர், அணுக்கருவினை எதுவும் அங்கு நிகழ்வதில்லை என அடிக்குறிப்பிடுதல் நன்று.