உஷார்! காய்ச்சலோடு ஆள் அடையாளம் தப்புகிறதா?

இரண்டு நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. திடீரென்று பெற்ற பிள்ளையைப் பார்த்தே "யார் நீ?" என்கிறார். சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வலிப்பும் வந்துபோகிறது. 'ஜுர வேகத்துல உளறுறார், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்' என்று விட்டுவிடாதீர்கள். மந்திரிக்கவும் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்!

அதில் பொல்லாதது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வருவது. உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ்தான். (கொப்புளம் வந்தவர்கள் பதற வேண்டாம், மூளைக்கு ஏறுவது மிக அபூர்வம்.) ஏறிவிட்டால், சிகிச்சை இல்லாதபோது நூற்றுக்கு 70 பேர் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. அது அதிகம் அரிப்பது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்போரல் பகுதியை. மனிதர்கள், இடங்கள், பொருள்கள் பற்றி நாம் சேர்த்துவைத்த அறிவுக்கு அந்தப் பகுதி மிக முக்கியம்.

லண்டனில் எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் இப்படிப் பிழைத்த 4 பேரைச் சோதித்து 1984-ல் எழுதினார்கள். அவர்களில் ஓர் இளைஞருக்குத் திசைகாட்டி என்றால் என்ன, கைப்பெட்டி எதற்கு என்றெல்லாம் சொல்ல வந்தது. கிளி என்றால்? தெரியாது! பார்வையில் கோளாறில்லை, பேச்சும் வந்தது. உயிருள்ளவை பற்றிய அறிவுதான் பெருமளவு போயிருந்தது. உணவுப் பொருள்களும் பிடிபடவில்லை. இசைக்கருவிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டதுதான் விசித்திரம். அதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் கிடையாது. மூளையில் வேறு இடங்கள் பாதித்தால் சிலருக்கு முகங்கள் பிடிபடாது, சிலருக்குச் சொந்தத் தெருவிலேயே வழி தெரியாது.

ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது: அசைக்ளோவிர். மாத்திரை போதாது, ஆஸ்பத்திரியில் சேர்த்து 14 முதல் 21 நாள் ரத்தநாளம் வழியாக ஏற்ற வேண்டும். சந்தேகம் வந்ததுமே தொடங்குவார்கள், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. முதல் சில நாளில் அந்தப் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே 'ரிப்போர்ட் நார்மல்' என்று நீங்களாக டிஸ்சார்ஜ் கேட்டு வாங்காதீர்கள்.

காய்ச்சலே இல்லாமல் சட்டென்று ஆளோ இடமோ பிடிபடாமல் போனால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

மூளைக்காய்ச்சலில் பிழைத்து வீடு திரும்பியவர் விஷயத்திலும் கவனம் தேவை. சிலர் எது தின்னக்கூடியது என்று புரியாமல் கையில் கிடைத்ததை வாயில் வைத்துவிடுவார்கள். பினாயில், சோப்பு, எலி மருந்து எல்லாம் பூட்டுக்குள் இருக்கட்டும்.