தொட்டில் ஆடப்போகும் வீட்டில் பூனைக்குட்டி: ஒன்றா, இரண்டா?

வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடித் தனித்து உண்ணும் விலங்கு என்பதால், அதன் வழிவந்த வீட்டுப் பூனைக்கும் தன்னினத் துணை தேவையில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆனால், இரை தாராளமாகக் கிடைக்கும் மாட்டுப் பண்ணைகளிலும் மீன்பிடித் துறைமுகங்களிலும் பெட்டைப் பூனைகள், பெரும்பாலும் தாயும் மகளும் உடன்பிறப்புகளுமாக, கூட்டம் சேர்ந்து வாழ்வதையும், ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதையும் கள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பூனை துணையை வெறுப்பதில்லை. அறிமுகமற்ற பூனையைத்தான் வெறுக்கிறது. குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் ஒரு குட்டியை வளர்ப்பதா, இரண்டை வளர்ப்பதா என்ற கேள்வியை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தைச் சமூகப் பழக்கக் காலம் என்பர். அதாவது, எவை உறவு, எவை அச்சம் தருவன என்பதைக் குட்டியின் மூளை வகைப்படுத்திக்கொள்ளும் பருவம் அது. அமெரிக்க ஆய்வாளர் ஐலீன் கார்ஷ் 1980களில் நடத்திய ஆய்வுகளில், இந்த வாரங்களில் மனிதர்கள் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள் வளர்ந்த பிறகும் மனிதரை அஞ்சாமல் அணுகின. இதே காலத்தில் நான்காம் வாரமளவில் தொடங்கும் கூட்டு விளையாட்டு மூன்றாம் மாதத்தையொட்டி உச்சமடைகிறது. மல்லாந்து கிடக்கும் ஒரு குட்டி முன்னங்கால்களால் மற்றதன் கழுத்தை அணைத்துக்கொண்டு, பின்னங்கால்களால் அதன் வயிற்றை உதைக்கிறது. பல் சற்று ஆழமாகப் பதிந்தால் கடிபட்டது கீச்சிட்டு விலக, விளையாட்டு அத்துடன் நின்றுபோகிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளிழுக்க வேண்டும் என்பதைக் குட்டி கற்பது இவ்வாறுதான். துணையின்றி வளரும் குட்டிக்கு இந்தப் பாடம் குறைவாகவே கிடைப்பதால், அது நடமாடும் கணுக்கால்களையும் போர்வைக்குள் அசையும் விரல்களையுமே இரையாகக் கொள்ள நேர்கிறது. இதற்கென ஒரு நோய்ப்பெயரே வழங்கிவந்தாலும், தனிக்குட்டிகள் அனைத்தும் முரடாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாள்தோறும் பலமுறை விளையாட்டுக் காட்ட ஆளிருந்தால் ஒற்றைக் குட்டியும் நன்றாகவே வளரும். கைக்குழந்தையுள்ள வீட்டில் அந்த ஆள் யார் என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது குட்டியால் வேலை இருமடங்காவதில்லை. செலவுதான் ஏறத்தாழ இருமடங்காகிறது. உணவு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை ஆகிய ஒவ்வொன்றும் இரட்டிப்பாவதோடு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வைக்க வேண்டும் என்ற பொதுவழக்கின்படி மூன்று தட்டுகளுக்கு இடமும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை பதினைந்து ஆண்டுகள் இருப்பது இயல்பு. கடுவனும் பெட்டையுமாக எடுப்பவர்கள் மறந்துவிடும் செய்தி இன்னொன்று உண்டு: நான்கு மாதமளவிலேயே பெட்டைக்குட்டி பருவமெய்தக்கூடும், உடன்பிறப்பு என்ற தடை பூனைகளிடையே கிடையாது, சினைக்காலமோ ஒன்பது வாரமே.

ஆயினும், எண்ணிக்கையைக் காட்டிலும் காலமே இங்கு பெரிய கேள்வி. அதற்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா கோண்டி என்னும் ஓரணு ஒட்டுண்ணி. 1908இல் தூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல், லூயி மான்சோ ஆகிய இருவரும் கண்டி என்ற கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டறிந்தனர். பூனையின் குடலில்தான் இது தன் பால்வழி இனப்பெருக்கத்தை முடிக்கிறது என்பது தெளிவாக மேலும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. எலி, பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றைத் தின்று முதன்முறையாகத் தொற்றுறும் பூனை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை ஊசிஸ்ட் எனப்படும் முட்டை போன்ற தடித்த உறைகளை இலட்சக்கணக்கில் மலத்துடன் வெளியேற்றுகிறது; அதன்பின் மீண்டும் வெளியேற்றுவது அரிது. முதல் தொற்று பெரும்பாலும் இளம் வயதில் நேர்வதால், வளர்ந்த பூனையைவிடத் தெருவிலிருந்து வந்த குட்டியே ஐயத்துக்குரியது. கருவுற்ற பெண்ணுக்கு அப்போதுதான் முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் அது கருவையும் எட்டி, கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். எனவேதான் கருவுற்றிருக்கும்போது புதிய பூனையைக் கொண்டுவர வேண்டாம், தெருக்குட்டிகளைத் தொட வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது.

இதைக் கேட்டு ஏற்கெனவே வீட்டிலிருக்கும் பூனையைத் துரத்துவது அறிவுடைமை ஆகாது. ஊசிஸ்டுகள் வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. அவை முதிர ஒன்று முதல் ஐந்து நாள்கள் தேவை. ஆகவே, மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் துப்புரவு செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத காய்கறியும், தோட்டத்து மண்ணும் பல வீடுகளில் பூனையைவிடப் பெரிய வாயில்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்தபின் கவலை ஒவ்வாமையின் பக்கம் திரும்புகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் புரதம் பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகி, அது நக்கிக்கொள்ளும் மயிரில் படிந்து வீடெங்கும் பரவுகிறது. டெட்ராய்ட் பகுதிக் குழந்தைகளை ஆறேழு வயது வரை தொடர்ந்து, டென்னிஸ் ஓன்பி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் இரண்டோ அதற்கு மேலோ நாய் பூனைகளுடன் வளர்ந்த குழந்தைகளிடம் ஒவ்வாமைக் கூருணர்வு குறைவாகக் காணப்பட்டது. ஒரே ஒரு விலங்கு இருந்த வீடுகளில் அத்தகைய பயன் தென்படவில்லை. வியப்பூட்டும் முடிவுதான், எனினும் பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகாததால், இதை நம்பி இரண்டாவது குட்டியை வாங்குவது பொருந்தாது. பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கை பொய்; வெதுவெதுப்பை நாடித் தூளிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும் என்பது மெய். ஆதலால், குழந்தை உறங்கும் அறையின் கதவு மூடியிருக்க வேண்டும்.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர், கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, எட்டு வாரம் நிறைந்த ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைத் தேர்வதே சிறந்தது. தொட்டில் கட்டும் நாளில் அவை தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்து, ஓரளவு அடங்கிய ஓராண்டுப் பூனைகளாக இருக்கும். கரு உறுதியான பிறகு இந்த எண்ணம் எழுந்தால், ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம்; குழந்தை தவழ்ந்து நடக்கும்வரை காத்திருக்கலாம். இப்போது ஒன்றை எடுத்து, குழந்தை பிறந்தபின் அதற்குத் துணையாக அறிமுகமற்ற மற்றொன்றைக் கொண்டுவருவதுதான் மூன்று வழிகளிலும் மோசமானது.