தீக்குச்சியில் தொடங்கிய ஊர்

பிஸ்கட்டவேயில் சில தமிழ் வீடுகளின் சமையலறைச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கும். தினமும் ஒரு தாளைக் கிழிக்கணும். "இன்னைக்கு நான்தான் கிழிப்பேன்!" என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடுவார்கள். இப்படிப்பட்ட நாட்காட்டிகள் நிறைய அச்சாகும் ஊர் சிவகாசி.

சிவகாசி தமிழ்நாட்டில், விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மழை குறைவு. வயலை மட்டும் நம்பி வாழ முடியாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதுவரை இந்தியாவுக்கு நிறையத் தீப்பெட்டிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தன.

"மழையே இல்லாத ஊர்ல என்ன தொழில் நடக்கும்?" என்று கேட்கிறீர்களா? தீக்குச்சிக்கு ஈரம் ஆகாது, நனைந்தால் பற்றாது. பயிரை வாட்டிய அதே வெயில் தீக்குச்சியை நன்றாகக் காயவைத்தது!

இப்படித் துணிந்து ஒரு புதிய தொழிலைத் தொடங்குபவரைத் தொழில்முனைவோர் என்கிறோம். அவர் தன் பணத்தைப் போடுகிறார். லாபமும் வரலாம், நஷ்டமும் வரலாம்.

சிவகாசியில் ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கூட்டிவந்தது. தீப்பெட்டி மேல் ஒட்ட வண்ணப்படம் வேணுமே? அதற்காக அச்சகங்கள் வந்தன. அதே அச்சகங்கள் பிறகு நாட்காட்டியும் அச்சடித்தன. பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. கூலி வாங்கியவர்கள் அரிசி, துணி வாங்கினார்கள். அதனால் கடைக்காரருக்கும் வருமானம் வந்தது. கப்பலேறி வெளிநாட்டுக்குப் போன காசு நாட்டுக்குள்ளேயே சுற்றியது. அரசுக்கு வரி கிடைத்தது. வரிப்பணத்தில்தான் அரசு சாலை போடும், பள்ளிக்கூடம் கட்டும். ஒரு ஊரின் தொழில் நாட்டின் பொருளாதாரத்தை வளர்ப்பது இப்படித்தான். சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஆனால், அங்கே ஒரு பெரிய தப்பும் நடந்தது. பல ஆண்டுகள் உங்கள் வயதுப் பிள்ளைகள்கூடப் பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டி ஒட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கூலி குறைவு, அதனால் முதலாளிக்குச் செலவு மிச்சம். ஊரில் பணம் புழங்கியது; அந்தப் பிள்ளைகளுக்கோ படிப்பு போனது. இதை வளர்ச்சி என்று சொல்ல முடியுமா? 1986-ல் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் 14 வயது ஆகாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

உங்கள் வீட்டில் தினசரி நாட்காட்டி இருக்கா? அதன் அடியில் சின்ன எழுத்தில் எந்த ஊர்ப் பெயர் இருக்கு என்று பார்த்து, நாளை வகுப்பில் சொல்லுங்கள்.