களஞ்சியம் இல்லாத வீட்டில் உள்ளி

எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் எதை நினைத்து அழுதார்கள்? எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் அதனைப் பட்டியலாகவே தருகிறது. மீன், வெள்ளரி, வெங்காயம், உள்ளி என்று அது நீள்கிறது. மறையுரைகளில் அவர்கள் முறுமுறுத்தவர்களாகவே பேசப்படுவதுண்டு. ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கையும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதையும் விட்டு நடந்த எமது மக்களுக்கு அந்தப் பட்டியல் நன்றாகவே விளங்கும்.

வெங்காயம் எமது செம்மண்ணின் பயிர். அதனைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு, நல்ல விலை வரும்வரை காத்திருக்க எமது விவசாயிகளுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. உள்ளி அப்படியன்று. பூடு திரள்வதற்குக் குளிர் வேண்டும். குடாநாட்டின் வெப்பத்தில் அது நன்றாகத் திரளாது. சந்தைக்கு வரும் உள்ளியில் பெரும்பகுதி சீனா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாவது. காசு கொடுத்தே வாங்கவேண்டிய பொருள் என்பதால் ஒரு பல்லும் வீணாகக் கூடாது. உறவினர் வீட்டு ஓர் அறையிலோ, தகரக் கொட்டிலிலோ வாழும் குடும்பங்களை மனதிற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

வாங்கும்போது

வெங்காயம் பார்த்த கண்ணுக்கு உள்ளி பார்ப்பதும் கடினமன்று. பூட்டைக் கையில் எடுத்தால் பருமனுக்கேற்ற பாரம் இருக்க வேண்டும். விரலால் அழுத்தும்போது இறுக்கமாக இருக்க வேண்டும். பாரமில்லாத பூட்டினுள் பல் வற்றிச் சுருங்கியிருக்கும். அடிப்பக்கத்தில் கருமையோ நீலப் பூஞ்சணமோ கண்டால் விட்டுவிடுங்கள். முளை விட்ட உள்ளியை உண்ணலாம். சற்றுக் கசக்கும், அவ்வளவுதான். விலை குறைத்துத் தந்தால் அன்றைய சமையலுக்கு வாங்கலாம், சேமித்து வைப்பதற்கு வேண்டாம்.

வைத்திருக்கும்போது

உள்ளிக்கு வேண்டியவை காற்று, நிழல், ஈரமின்மை. பொலித்தீன் பையில் முடிந்து வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பனையோலைப் பெட்டியோ, வலைப்பையோ, பழைய உறியோ போதும். தகரக் கூரைக்குக் கிட்டத் தொங்கவிட்டால் வெக்கையில் பல் வற்றிவிடும். அடுப்புக்கு மேலே என்றால் ஆவி படும். வெயில் படாத சுவரோரமாக, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிலும் முழுப் பூட்டை அதில் வைக்க வேண்டாம். அந்தக் குளிர் முளையைத் தூண்டும். பூட்டை உடைத்த பின் பல் நெடுநாள் நில்லாது. ஆகவே ஒன்று முடிந்த பின்பே மற்றதை உடையுங்கள். மாரி காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கொட்டிப் பார்த்து, பழுதானதை அகற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உரித்த உள்ளியை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் மணமோ நிறமோ மாறாமலே கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். 1985 இல் கனடாவின் வன்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட உள்ளியை உணவகமொன்றில் உண்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே நோயுற்றனர். ஊறுகாய் போடுவதானால் உள்ளி முழுவதும் மூழ்கும்படி வினாகிரி விட்டு உப்பிடுங்கள்.

சமைக்கும்போது

உள்ளியின் காரமும் மணமும் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போதே அவை பிறக்கின்றன. எனவே அம்மியில் தட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பின் இரசத்தில் இட்டால், குறைந்த உள்ளியே நிறைந்த மணம் தரும். தாளிக்கும்போது வெங்காயம் வதங்கிய பின்பே உள்ளியைப் போடுங்கள். கருகினால் கறி முழுவதும் கசக்கும். மீன் வாங்க முடியாத நாளிலும், தவக்கால வெள்ளியிலும் முழுப் பற்களை நல்லெண்ணெயில் வதக்கி, பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு வைக்கும் குழம்பு ஒரு குடும்பத்தின் சோற்றுக்குப் போதும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு உள்ளியும் மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக்கறி வைப்பது எமது வழக்கம். உள்ளியின் மணம் தாய்ப்பாலிலும் சேர்கிறது என்பதையும், அதனால் குழந்தை பால்குடியை மறுப்பதில்லை என்பதையும் 1991 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனினும் உள்ளி உணவே அன்றி மருந்துக்கு மாற்றன்று. இரத்த அழுத்தத்திற்குத் தந்த குளிசையை நிறுத்திவிட்டுப் பச்சை உள்ளி உண்பது ஆபத்தானது.

சேர்ந்து வாங்குவோம்

ஐம்பது கிராம், நூறு கிராம் என்று நாளாந்தம் வாங்குபவரே அதிக விலை கொடுக்கிறார். கையில் காசு குறைந்தவரும் பெரும்பாலும் அவரே. ஐந்தாறு குடும்பங்கள் மாதர் சங்கத்தின் ஊடாகச் சேர்ந்து சந்தையில் மொத்தமாக வாங்கி, நிறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் வேண்டியது ஓர் உறி மட்டுமே. முதலில் உள்ளியில் தொடங்குங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். அது சரிவந்தால் அடுத்த மாதம் மல்லியையும் மிளகையும் சேர்த்துக்கொள்ளலாம்.